மூன்று மூச்சுச் சட்டம்

ஏப்ரல் 2

தங்கைக்கு,

என்னைக் கேட்காமல் என் ஐந்தை மூன்று ஆக்கினாய். அதற்கு நான் சம்மதித்ததாகச் சட்ட முன்வரைவின் முதல் பக்கத்தில் அச்சடித்தும் விட்டாய். நீ செய்த குற்றம் இது. இதற்கு வேறு பெயர் வைத்து எனக்குக் கடிதம் எழுதாதே.

பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "இருகரைக் கட்சியின் நிறுவனர் இருபத்திரண்டு ஆண்டுகளாக எடுத்த அளவுகளின் அடிப்படையிலும், அவருடைய ஒப்புதலுடனும்" என்று போட்டிருக்கிறது. எப்போது ஒப்புதல் கொடுத்தேன்? எந்த நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தேன்? உன் அண்ணிதான் அதைச் சத்தமாகப் படித்தாள். "என்னங்க, நீங்க சம்மதிச்சிட்டீங்களாம். கல்யாணத்துக்கே இவ்வளவு சீக்கிரம் சம்மதிக்கலையே!" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் அமைச்சகத்தில் இருப்பவர்களுக்கு ஐந்து என்றால் என்னவென்று தெரியாது போலிருக்கிறது. இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டு. தண்ணீருக்குள் காற்று கரைந்திருக்கிறது. மீன் அதைத்தான் சுவாசிக்கிறது. காகித ஆலையின் கழிவு ஆற்றில் இறங்கினால் அந்தக் காற்று குறையும். நான் அந்த ஆலையில் முப்பத்தொரு வருடம் பாய்லர் ஓட்டியவன். பாய்லர் தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்தி, கண்ணாடிக் குழாயில் அளவு படிப்பது என் தினசரி வேலை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு கல்லூரிப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதே வேலையை ஆற்றுத் தண்ணீருக்கும் செய்யக் கற்றுக்கொண்டேன். ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. ஞாயிறு தவறாமல் காலை ஏழு மணிக்குப் பாலத்தடியில் தண்ணீர் எடுத்து, அளந்து, நோட்டில் எழுதுகிறேன். அந்த அளவுக்கு மூச்சு என்று பெயர் வைத்தது ஊர்தான். "இன்னைக்கு ஆத்துக்கு எத்தனை மூச்சு?" என்று கேட்காமல் பேப்பர் போடுகிறவர்கூட என்னைத் தாண்டிப் போனதில்லை. ஏழு இருந்தால் நல்ல ஆறு. ஐந்துக்குக் கீழே போனால் குஞ்சு தங்காது. மூன்றில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். மறுநாள் மிதக்கும்.

நீ எழுதியிருக்கும் சட்டம், ஆலை மூன்று வரை இறக்கலாம் என்கிறது.

தொலைபேசியில் கூப்பிடாதே. பேச்சில் நீ ஜெயித்துவிடுவாய். எழுது. எழுதியதைத் திருப்பிப் படிக்க முடியும்.

அண்ணன்

~

ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அமைச்சராக, இரண்டாம் தடவை தங்கையாக. இரண்டு பேருக்குமே நல்ல அடி.

உங்களைக் கேட்டிருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். கேட்டால் முடியாது என்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. உங்களிடம் இதை மழுப்பிப் பயனில்லை.

ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். இன்றைய தேதியில் சட்டத்தில் ஒரு எண்ணுமே இல்லை. ஆலை ஆற்றைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் கேட்க முடியாது. மூன்று என்று ஒன்று எழுதிவிட்டால், இரண்டே முக்காலுக்கு இறங்குகிற நாளில் ஆலை வாசலில் போய் நிற்கலாம். அடுத்த தேர்தலுக்குப் பிறகு அதை நான்காக்கலாம். ஆலையின் சைக்கிள் ஷெட்டில் பதினான்கு பேர் கூடி ஆரம்பித்தோம், நினைவிருக்கிறதா? பெஞ்சு பத்தாமல் வலைக்காரர் தன் படகுப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார். இன்று சபையில் ஒன்பது பேர். இந்த ஒன்பது கை தூக்கவில்லை என்றால் அரசு விழுந்துவிடும். ஆனால் இதே ஒன்பதை வைத்துக்கொண்டு பெரிய கட்சிக்காரர்களிடம் போய் ஐந்து என்றால், "அப்ப ஆலையை மூடிட்டு நாலாயிரம் குடும்பத்தை உங்க வீட்டுக்கு அனுப்பவா?" என்கிறார்கள். அந்த நாலாயிரம் குடும்பமும் நம்முடையதுதான் அண்ணா. ஒரு கரையில் ஆலைக்காரர்கள், மறு கரையில் மீன்பிடிக்கிறவர்கள், இருவருக்கும் பொதுவாய் ஒரு கட்சி. நீங்கள் வைத்த பெயர்தான் இது.

இரண்டு சீட்டு முறையும் நீங்கள் கொண்டுவந்ததுதான். ஆலை எந்த மணிக்குக் கழிவைத் திறந்துவிடுவது என்று இரண்டு கரையும் கைகலக்கும் அளவுக்குப் போனபோது, ஆளுக்கொரு சீட்டில் மணியை எழுதி மடித்துக் கொடுக்கச் சொன்னீர்கள். ஒருவர் நான்கு என்றார், இன்னொருவர் எட்டு என்றார், ஆறு மணி முடிவானது. "சீட்டைப் பிரிச்ச பிறகு முணுமுணுக்கக் கூடாது" என்றீர்கள். கட்சியின் முதல் விதியே அதுதான். இந்தத் தடவையும் அதைத்தான் செய்தேன். நான் ஐந்து எழுதினேன். ஆலை ஒன்று எழுதியது. நடுவில் மூன்று வந்தது. நான் ஒன்பது என்று எழுதியிருந்தால் ஐந்தே வந்திருக்கும். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். உங்கள் தங்கை என்பதால் எழுதவில்லை.

28ஆம் தேதி வாக்கெடுப்பு. அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை

~

ஏப்ரல் 9

தங்கைக்கு,

நீ ஒன்பது எழுதாததற்கு நான் உன்னைப் பாராட்ட வேண்டுமா? சீட்டில் பொய் எழுதவில்லை என்பது சாதனையாகிவிட்டதா?

சீட்டு முறை எதற்கு என்பதை மறந்துவிட்டாய். நான்கு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே ஆறு மணி உண்டு. இரண்டு பேரும் கொஞ்சம் தூக்கத்தை விட்டுக்கொடுத்தால் தீர்ந்தது. பாலத்தின் மேல் தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியவர்கள் என்பதால் இருவரும் மனதில் இருந்ததையே எழுதினார்கள். மீன் யாரிடம் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்தது? காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்க டாக்டரும் நோயாளியின் மாமனாரும் ஆளுக்கொரு சீட்டு எழுதிப் பாதி பிரித்துக்கொள்வார்களா? அளந்து சொல்ல வேண்டியதை நீ பேசி முடித்துவிட்டாய்.

நேற்று நம் கிளைச் செயலாளர் வந்தார், சைக்கிள் கடைக்காரர். கையில் சுருட்டிய போஸ்டர்.

"அண்ணே, பாருங்க. உங்க படம்தான் பெருசு. மேடம் படம்கூட ஓரமாத்தான் இருக்கு."

"யாரைக் கேட்டு என் படத்தைப் போட்டே?"

"தலைவர் படம் போடத் தலைவரையே கேட்பாங்களாண்ணே?"

உன் அண்ணி உள்ளேயிருந்து, "படத்தை வெச்சுக்கிட்டு ஆளை விட்டுட்டீங்களே தம்பி, அதைத்தான் அவரு கேக்குறாரு" என்றாள். அவர் நெளிந்தார். டீ கொடுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை, அவரும் போகவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "மேடத்தை மட்டும் குத்தம் சொல்லாதீங்கண்ணே. அவங்கதான் என்ன செய்வாங்க? அந்த ஆலை வக்கீல் பழைய விசாரணைக் காகிதத்தையெல்லாம் மேசை மேல பரப்பிட்டானாம்."

"என்ன காகிதம்?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா கேள்விப்பட்டது. கடையைத் திறந்து போட்டுட்டு வந்துட்டேன்."

டீயைக் குடிக்காமலே போய்விட்டார். போஸ்டரையும் விட்டுவிட்டுப் போனார். அது இன்னும் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது, நான் தொடவில்லை.

ஆலை பதினெட்டு வருடமாக நம் சீட்டைக் கிண்டல் செய்தது. "சின்னப் பசங்க விளையாட்டு" என்று மேலாளர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். அப்படிப்பட்டவர்கள் இந்த வருடம் மட்டும் சீட்டு எழுத உட்கார்ந்தது எப்படி? சீட்டு என்று முதலில் சொன்னது யார், நீயா, அந்த வக்கீலா? அவர் பரப்பிய காகிதம் என்ன?

இந்த இரண்டுக்கும் பதில் எழுது. அண்ணியை விசாரிப்பதெல்லாம் பிறகு.

அண்ணன்

~

ஏப்ரல் 12

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களின் 9ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் எழுப்பப்பட்டுள்ள கருத்துகள் அமைச்சரின் பரிசீலனையில் உள்ளன. கட்சியின் நிறுவனர் என்ற முறையில் தங்கள் ஆலோசனைகள் எப்போதும் வரவேற்கப்படுகின்றன.

அண்ணா, மேலே இருப்பது உதவியாளர் அடித்தது. தப்பாக நினைக்காதீர்கள், கடிதம் என்றால் அவர் எல்லோருக்கும் இப்படித்தான் அடிப்பார். இந்த வாரம் எனக்கு நேரமே இல்லை. 28 முடிந்ததும் நேரில் வருகிறேன். நேரில் பேசிக்கொள்ளலாம்.

தங்கை

~

ஏப்ரல் 14

அமைச்சர் அவர்களுக்கு,

பரிசீலனைக்கு நன்றி.

ஆலையைப் பற்றி நடந்த விசாரணை ஒன்றே ஒன்றுதான். பதினான்கு வருடத்துக்கு முன்பு, மீன் செத்து மிதந்த வருடத்தில். அதில் நான் கொடுத்தது நான்காம் நோட்டு மட்டும். இன்று காலை அதை எடுத்து மேசையில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். அந்த நோட்டில் பதினொரு வரி மட்டும் என் கையெழுத்து இல்லை.

பாய்லர் வால்வு கழன்று என் இரண்டு கையும் வெந்து, நான் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு ஞாயிறு. "நீங்க படுங்கண்ணா, ஆத்தை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னவள் நீ.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கடைசி அளவு ஆறு புள்ளி இரண்டு. திரும்பி வந்து நான் எடுத்த முதல் அளவு ஐந்து. நடுவில் உன் பதினொரு வரி: ஆறு புள்ளி ஒன்று, ஆறு, ஐந்து புள்ளி ஒன்பது, ஐந்து புள்ளி எட்டு. இப்படியே படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்குகின்றன. ஓடுகிற ஆறு அப்படி இறங்காது.

நேரில் வர வேண்டாம். எழுது.

~

ஏப்ரல் 17

அண்ணா,

ஒரு ஞாயிறுகூட நான் போகவில்லை.

முதல் ஞாயிறு போகத்தான் கிளம்பினேன். பாட்டில், மருந்து, குழாய் எல்லாம் பையில் வைத்தேன். அதே பையில் கையெழுத்துப் படிவமும் இருந்தது. கட்சியைப் பதிவு செய்ய ஐயாயிரம் கையெழுத்து வேண்டும், மூன்று மாதம்தான் அவகாசம். அப்போது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு விடுமுறை ஞாயிறு ஒன்றுதான். ஒரு வாரம்தானே என்று பேருந்து ஏறினேன். அடுத்த வாரமும் ஏறினேன். உங்கள் அளவைச் சொல்லித்தான் ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கினேன். "எங்க அண்ணன் ஒரு வாரம் விடாம அளக்குறாரு" என்று சொன்னேன். அதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் பாலத்தடியில் யாரும் இல்லை.

நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து பதினொரு வரியையும் எழுதினேன். இரண்டு தடவை பேனா மாற்றினேன். ஆறாவது ஞாயிறுதான் மீன் மிதந்த ஞாயிறு. அந்த வரிக்கு இரண்டு என்று எழுதத்தான் கை போனது. ஆனால் அளக்காமல் இரண்டு எழுதினால் ஆலை மேல் பொய்ப் புகார் சொன்னதாகிவிடுமே என்று பயம். ஏழு எழுதினால் மீன் செத்ததைக் கண்ணால் பார்த்த வலைக்காரருக்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் எழுதிவிட்டால் யாருக்கும் பாதகமில்லை என்று நினைத்தேன். ஐந்து புள்ளி ஆறு என்று எழுதினேன்.

உங்கள் நோட்டை நீங்கள் விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. விசாரணை நடந்த அன்று நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். அந்த வாரம்தான் கட்சி பதிவாகி வந்த கடிதம் என் கைக்குக் கிடைத்திருந்தது. அதை உங்களிடம் காட்டத்தான் கொண்டுவந்திருந்தேன். நீங்கள் எழுந்து பேசியபோது நானும் எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

பிப்ரவரியில் வக்கீல் அந்த நோட்டின் நகலைக் கொண்டுவந்தார். பதினொரு வரியையும் ஒரு கோடு போட்டுச் சேர்த்திருந்தார். "இது உங்க கையெழுத்துதானே மேடம்? ஒரே சீரா இருக்கே" என்றார். ஐந்தில் பிடிவாதமாக நின்றால் அதைச் சபையிலேயே காட்டுவோம் என்றார். அப்போது இருபத்திரண்டு வருடமும் பொய் என்றாகும், உங்களைப் பொய்யர் என்பார்கள். சீட்டு என்று முதலில் சொன்னவர் அவர்தான். "உங்க முறைப்படியே முடிச்சிக்கலாம்" என்றார்.

உங்கள் பெயரைக் காப்பாற்றத்தான் ஒத்துக்கொண்டேன் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் காப்பாற்றியது என் பெயரை.

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன். சொல்லுங்கள்.

~

ஏப்ரல் 20

தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. உன் அண்ணி அதைப் படித்துவிட்டு மடித்து உறையில் போட்டாள். "அவளும் பாவங்க" என்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள், போனேன்.

என் நோட்டில் அந்தப் படிக்கட்டு இறக்கம் பதினான்கு வருடமாக என் கண்ணில் படவில்லையா என்று நீ கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பட்டது. பாய்லர் மீட்டர் அப்படி ஒரே சீராய் இறங்கினால் மீட்டர் பழுது என்று அன்றைக்கே கழற்றிப் போட்டிருப்பேன். நீ எழுதியது என்பதால், அந்த மாதங்களில் ஆறு அமைதியாக இருந்திருக்கிறது என்று நம்பினேன். பதினான்கு வருடத்தில் நான் சோதிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

விசாரணைக்கு முந்தின நாள் வலைக்காரர் நம் வீட்டுக்கு வந்தார். நீ அப்போது இல்லை. "அண்ணே, நோட்டை எடுத்துக்கிட்டு வாங்க. மீன் செத்த அன்னிக்கு எத்தனை மூச்சுன்னு நீங்க சொன்னாப் போதும், ஆலை வாயைத் திறக்காது" என்றார். அவர் எதிரிலேயே நோட்டைப் பிரித்தேன். ஐந்து புள்ளி ஆறு. "உன் மீன் வேற எதுலயோ செத்திருக்கு" என்றேன். "என் கண்ணால பாத்தேன்ணே. தண்ணி கறுப்பா வந்துச்சு" என்றார். "நோட்டு பொய் சொல்லாது" என்றேன். "நோட்டு மேசை மேல இருந்துச்சு. நான் இடுப்பளவு தண்ணியில நின்னேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். மறுநாள் விசாரணை அதிகாரி முன்னால் அதே வார்த்தையை நான் மறுபடி சொன்னேன். புகார் தள்ளுபடியாயிற்று. படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனவர் இந்த ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. நம் பதினான்கு பேரில் முதலில் போனவர் அவர். கட்சி பெரிதானதும் ஒதுங்கிவிட்டார் என்று நீதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.

என்னை வைத்து அவரைப் பொய்யராக்கினாய். பிறகு என்னையே காரணம் காட்டி ஆற்றை விற்றாய். என்னை யார் பொய்யர் என்று சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. அவரை நான் பொய்யர் என்றேன். அதற்குத்தான் எனக்குத் தூக்கமில்லை.

என்ன செய்யச் சொன்னாலும் செய்வதாக எழுதியிருக்கிறாய். எழுதுகிறேன்.

நீ: 28ஆம் தேதி வாக்கெடுப்புக்கு முன் சபையில் எழுந்து நின்று, பதினொரு அளவும் பொய், எழுதியது நான், என் அண்ணனுக்குத் தெரியாது, மீன் மிதந்த அன்று யாரும் அளக்கவில்லை என்று சொல்ல வேண்டும். "பதிவுகளில் சில குறைபாடுகள்" என்று உன் உதவியாளர் அடித்துக் கொடுப்பதைப் படிக்கக் கூடாது. அதன் பிறகு மூன்றை எடுத்துவிட்டு ஐந்தை வைக்க வேண்டும். அரசு விழுந்தால் விழட்டும். உன் பதவி இருக்கிறதா போகிறதா என்பதை உன்னோடு இருக்கும் எட்டுப் பேர் முடிவு செய்துகொள்ளட்டும். அதில் எனக்குக் கருத்து இல்லை.

முன்வரைவின் முதல் பக்கத்தில் என் ஒப்புதல் என்று இருக்கும் வரியை அடிக்க வேண்டியதும் நீதான். வேறு யாரையும் விட்டு அடிக்காதே.

ஆலை வக்கீல்: அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அவர் கையிலிருக்கும் நகலுக்கு இனி வேலை இருக்காது. அந்தப் பதினொரு வரியையும் பத்திரிகைகளுக்கு நானே அனுப்புகிறேன். நீ சபையில் சொல்வதற்காக 26ஆம் தேதிவரை காத்திருப்பேன், அதற்கு மேல் இல்லை.

கிளைச் செயலாளர்: என் படம் போட்ட போஸ்டர் எங்கெங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கிழிக்க வேண்டும். பாதி கிழிந்து தொங்கவிடாமல் சுத்தமாகக் கிழிக்க வேண்டும். கட்சியின் முதல் விதியோடு ஒரு வரி சேர்க்க வேண்டும்: நேரத்துக்கும் இடத்துக்கும் முறைக்கும் சீட்டு எழுதலாம், அளந்து சொல்ல வேண்டியதற்கு எழுதக் கூடாது. அவர் எழுத மறுத்தால் நான் கட்சியில் இல்லை என்று எழுதிக்கொள்ளட்டும்.

உன் அண்ணி: உன்னோடு பேசுவாளாம், அதை நான் தடுக்கக் கூடாதாம். தடுக்கவில்லை. நீ கூப்பிடும்போது நான் வாசலில் இருப்பேன்.

நான்: நான்காம் நோட்டில் அந்தப் பதினொரு வரியையும் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். அடியில் இருப்பது தெரியும்படி அடிக்க வேண்டும். பிறகு வலைக்காரரின் மகள் வீட்டுக்குப் பேருந்து பிடித்துப் போக வேண்டும். மூன்று மணி நேரப் பயணம். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை, கேட்டால் அவர் கொடுத்துவிடுவார். அவரைப் பொய்யர் என்று சொன்னது தப்பு என்று அவர் மகள் கேட்கும்படி சொல்ல வேண்டும். அந்த ஞாயிறு என்ன பார்த்தார், எத்தனை மணிக்குத் தண்ணீர் கறுத்தது, மீன் எந்த இடத்தில் முதலில் மேலே வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லும் வார்த்தையிலேயே ஆறாவது வரிக்கு எதிரில் எழுத வேண்டும். அவர் கதவைத் திறக்காவிட்டால் மறுபடி போக வேண்டும்.

மற்ற பத்து ஞாயிறு: யாரும் பார்க்கவில்லை. யாரும் எழுதக் கூடாது.

இனி வரும் ஞாயிறுகளில் ஏழு மணிக்கு அளப்பது: நான். என்னால் போக முடியாத வாரத்துக்கு எதிரில் தேதியை மட்டும் எழுதி, பக்கத்தை வெற்றாக விட வேண்டியதும் நான்தான்.

அண்ணன்